திருட்டு மடிக்கும் பாலியல் கொடுமைக்கும் புகார் கொடுப்பது எப்படி

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் மனு எழுதிக் கொடுக்கிறேன். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், வங்கிக் கடன் என்று எல்லாம் எழுதுவேன். அதில் இரண்டு வகை மனுவுக்கு மட்டும் காசு வாங்குவதில்லை. தடை செய்த மடியை, அதாவது மீன் வலையை, போட்டுக் கடலை வழித்தெடுப்பவர்கள் மீது கொடுக்கும் புகார் ஒன்று. பெண்கள் மீது கை வைத்தவர்கள் மீது கொடுக்கும் புகார் இன்னொன்று.

மடி விஷயம் என்றால் ஊரே திரண்டு வரும். ஒருவர் படகு நம்பர் சொல்வார், ஒருவர் நேரம் சொல்வார், ஒருவர் போட்டோ காட்டுவார். பெண் விஷயம் என்றால் பொழுது சாய்ந்த பிறகு ஒரு அம்மாவும் மகளும் மட்டும் வருவார்கள். "ஊர்ல பேசி முடிச்சுக்கலாம்ங்கிறாங்க, என்ன செய்யட்டும்?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். சட்டத்தில் முதலாவதுக்குப் பெரும்பாலும் அபராதம், இரண்டாவதுக்குச் சிறை. நம் ஊர்களில் நடப்பதோ தலைகீழ். மடிக்குப் போலீஸ் வேண்டும் என்று மறியல் செய்கிறோம், பெண்ணுக்கு நடந்ததை ஊர் அபராதத்தில் முடித்துவிடுகிறோம். அதனால்தான் இரண்டையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

மடிக்கான புகார்

எது குற்றம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது, அதன் கீழ் 2020இல் புதிய விதிகள் வந்தன. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது. அது நாட்டுப்படகுக்கு விட்ட இடம். இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடி கூடாது. இழுவைமடியில் மீன் சேரும் அடிப்பையின் கண்ணி (வலைத் துளை) 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடிக்குத் தமிழ்நாட்டில் தடை உண்டு. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக ஒரு வழி விட்டது: 12 கடல் மைலுக்கு வெளியே, திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை. கரை தெரியும் தூரத்தில் சுருக்குமடி போட்டுவிட்டு "கோர்ட்டே சொல்லிடுச்சு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி மனு. "விசைப்படகுகள் தொடர்ந்து சட்டவிரோதமாக மீன்பிடித்து எங்கள் வாழ்வாதாரத்தை அழிக்கின்றன" என்று எழுதி நூறு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். அதை வைத்து எந்த அதிகாரியும் ஒரு படகைக்கூடப் பிடிக்க முடியாது. தேதி, மணி, இடம், படகு, மடி இந்த ஐந்தும் இருந்தால் ஒரே ஒருவர் கையெழுத்து போதும். இடத்துக்கு உங்கள் ஜி.பி.எஸ். கருவி காட்டுவதை அப்படியே எழுதுங்கள், அல்லது திரையைப் போட்டோ எடுங்கள். படகு நம்பரில் 'ஐஎன்டி டிஎன்'னுக்குப் பிறகு மாவட்ட எண் வரும், அப்புறம் விசைப்படகு என்றால் 'எம்எம்', மோட்டார் வைத்த நாட்டுப்படகு என்றால் 'எம்ஓ', கடைசியில் படகின் எண். நம்பரைத் துணி போட்டு மறைத்திருந்தால் அதையும் எழுதுங்கள். படகின் பெயர், சாயத்தின் நிறம், வீல்ஹவுஸ் (படகோட்டும் அறை) அமைப்பு, எந்த இறங்குதளத்தில் மீனை இறக்கினார்கள் என்பது போதும், துறை கண்டுபிடித்துவிடும். கடலுக்குப் போகும் விசைப்படகு டோக்கன் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும், அந்தப் பதிவேடு அவர்களிடம் இருக்கிறது.

போட்டோவும் வீடியோவும் எடுத்த போனிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த நேரமும் இடமும் அதிலிருந்து போய்விடும். அம்புக்குறி போடுவது, வெட்டுவது எதுவும் வேண்டாம்.

எங்கே கொடுப்பது என்பதில்தான் பாதிப்பேர் அலைகிறார்கள். மடி, தூரம், தடைக்காலம் எல்லாம் மீன்வளத் துறையின் வேலை. உங்கள் பகுதி மீன்வள ஆய்வாளர், அவருக்கு மேலே உதவி இயக்குநர். படகையும் மீனையும் பிடித்து வைக்க, விசாரித்து அபராதம் போட அந்தத் துறைக்கு அதிகாரம் உண்டு. கடல் அமலாக்கப் பிரிவு என்று காவலர்களும் அந்தத் துறையோடு வேலை செய்கிறார்கள். தோட்டா போட்டு மீன் பிடித்தால் அது வேறு. வெடிபொருள் குற்றம் என்பதால் நேராகக் காவல் நிலையம் போங்கள், கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசுக்கு 1093. வெடியில் செத்த மீனை அறுத்துப் பார்த்தால் காற்றுப்பை கிழிந்திருக்கும், தோலுக்கு அடியில் ரத்தம் கட்டியிருக்கும், முள் நொறுங்கியிருக்கும். ஏலக்கூடத்தில் உட்காரும் பெண்களுக்கு இது கை வைத்தாலே தெரியும். கடல் அட்டை, கடற்பசு, ஆமை என்றால் வனத் துறை. கடல் அட்டையை எடுப்பதும் விற்பதும் 2001 முதல் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் அங்கே நடப்பதும் வனத் துறைக்குத்தான் போகும். உங்கள் வலை மேல் படகை ஏற்றி அறுத்துவிட்டார்கள் என்றால் அது சொத்துச் சேதம், காவல் நிலையத்தில் வழக்கு. மீன்வளத் துறைக்கு ஒன்று, போலீசுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கொடுங்கள்.

படகை விரட்டிப் பிடித்துக் கட்டி வைப்பது, மடியைக் கொளுத்துவது இதெல்லாம் செய்யாதீர்கள். கோபம் நியாயமானது என்பது எனக்குத் தெரியும். மறுநாள் உங்கள் மேல் வழக்கு விழும், உங்கள் புகார் காணாமல் போகும்.

மனு கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் எண் கிடைக்கும், 1100இல் பேசினாலும் பதிவு எண் தருவார்கள். நடவடிக்கை தெரியவில்லையா, 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: இந்தத் தேதிப் புகாரில் எந்தப் படகு மீது என்ன நடவடிக்கை, எவ்வளவு அபராதம் வசூல். 30 நாளில் பதில் வர வேண்டும்.

பெண்ணுக்கு நடந்தால்

2022 மே மாதம் ராமேஸ்வரம் தீவில் கடல்பாசி எடுக்கப் போன பெண் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள், போலீஸ் வந்தது, கைது நடந்தது. உயிரோடு திரும்பி வரும் பெண்ணிடம் மட்டும் ஏன் நாம் வாயை மூடிக்கொள்ளச் சொல்கிறோம்?

முதல் வேலை ஆஸ்பத்திரி. எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டு வா என்று எந்த மருத்துவமனையும் சொல்லக் கூடாது. அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி எதுவானாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், தராவிட்டால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 200ஆம் பிரிவில் அவர்கள் மீதே வழக்கு வரும். முடிந்தால் குளிக்காமல், உடை மாற்றாமல் போங்கள். குளித்துவிட்டீர்களா, பரவாயில்லை, போங்கள். 4 நாள் வரைகூடத் தடயம் எடுக்க வாய்ப்பு இருக்கிறது. அன்று உடுத்திய துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் கோத்துத் தடயம் கெட்டுவிடும். நம் பெண்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் பாசிக்கோ நண்டுக்கோ போய் வந்த துணி கடல் தண்ணீரில் நனைந்திருக்கும். வெயிலில் போடாமல் வீட்டுக்குள் நிழலில் உலர்த்தி, ஒவ்வொரு துணியையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து வையுங்கள். கிழிசலைத் தைக்காதீர்கள்.

கர்ப்பம் தரிக்காமல் இருக்க மாத்திரையும் எச்.ஐ.வி. தொற்று வராமல் தடுக்கும் மருந்தும் உண்டு. இரண்டையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. டாக்டர் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள். பரிசோதனைக்குப் பெண்ணின் சம்மதம் வேண்டும். பெண்ணுறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரண்டு விரல் பரிசோதனை செய்யக் கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. யாராவது அதற்குக் கையுறை மாட்டினால் "வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

யாரைக் கூப்பிடுவது? அவசரத்துக்கு 112, பெண்கள் உதவி எண் 181, குழந்தை என்றால் 1098. 181இல் பேசினால் மாவட்டத்திலுள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைப்பார்கள். தங்க இடம், ஆலோசனை, காவல் நிலையத்துக்குக் கூட வர ஆள், இவையெல்லாம் அங்கே கிடைக்கும்.

அடுத்து காவல் நிலையம். "இது எங்க லிமிட் இல்லம்மா, அந்த ஸ்டேஷனுக்குப் போங்க" என்ற பேச்சுக்கு இப்போது இடமே இல்லை. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173ஆம் பிரிவில், சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று இருக்கிறது. படகில் நடந்தாலும் சரி, தீவில் நடந்தாலும் சரி, அடுத்த மாவட்டத்து இறால் பண்ணையில் நடந்தாலும் சரி. உங்கள் ஊர் நிலையத்தில் எதிராளிக்கு வேண்டியவர்கள் இருந்தால் அடுத்த ஊர் நிலையத்துக்குப் போங்கள். புகாரைப் பெண் அதிகாரிதான் எழுதிக்கொள்ள வேண்டும். பாலியல் வன்கொடுமை என்றால் பெண்ணின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் சொல்லும் இடத்திலோ வந்து எடுக்க வேண்டும். ஸ்டேஷன் வாசலில் எல்லார் முன்னாலும் உட்கார வைக்கத் தேவையே இல்லை.

புகாரில் என்ன எழுதுவது? என்னிடம் வரும் பெரும்பாலோர் "தப்பா நடந்துக்கிட்டான்" என்று ஒரே வரியில் நிறுத்துவார்கள். அந்த வரிக்குச் சட்டத்தில் எந்தப் பிரிவும் கிடையாது. கையைப் பிடித்து இழுத்தானா, சேலையை உருவினானா, வாயைப் பொத்தினானா, எங்கே தொட்டான், என்ன செய்தான் என்று நடந்தது நடந்தபடி வர வேண்டும். எழுதும்போது அறையில் ஒரு பெண்ணைத் தவிர யாரும் வேண்டாம், அம்மாகூட வெளியே இருக்கட்டும். அம்மா இருந்தால் மகள் பாதியை விழுங்கிவிடுவாள். நான் ஒரு மொடா தண்ணீரும் டம்ளரும் பக்கத்தில் வைத்துவிட்டு, கேள்வி கேட்காமல் முதலில் சொல்ல விடுவேன். அழுதால் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். இரண்டாவது தடவை சொல்லும்போதுதான் எழுதுவேன். அவள் சொன்ன சொல்லை நான் அழகுபடுத்துவதில்லை. அவளுக்கு வராத சொல் புகாரில் இருந்தால், நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார்.

மணி தெரியாவிட்டால் கணக்கு வைத்துச் சொல்லுங்கள்: ஏலம் முடிந்த பிறகு, கரைவலை இழுப்பதற்கு முன்னால், ஏற்றத் தண்ணி வந்த நேரம். அதுவே போதும். நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுதுங்கள். தாமதமாகப் போகிறீர்கள் என்றால் ஏன் தாமதம் என்று கட்டாயம் ஒரு பத்தி எழுதுங்கள். "வீட்டுக்காரர் தங்கல் கடலுக்குப் போயிருந்தார், ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கிறோம் என்று நிறுத்தி வைத்தார்கள், வெளியில் சொன்னால் கொன்றுவிடுவேன் என்று மிரட்டினான்." உண்மையான காரணத்தோடு வரும் தாமதம் வழக்கைக் கெடுக்காது. காரணமே எழுதாத தாமதம்தான் கெடுக்கும்.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். புகார் கொடுத்ததும் ஒரு சீட்டு தருவார்கள், சி.எஸ்.ஆர். என்று. அது மனுவைப் பெற்றுக்கொண்டோம் என்ற ரசீதுதான். எத்தனையோ குடும்பங்கள் அந்தச் சீட்டை வழக்குப் பதிந்ததாக நினைத்துப் பத்திரமாகப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டுக் காத்திருக்கின்றன. இந்தக் குற்றங்களுக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும். அதை வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும், நகலைக் காசில்லாமல் கையில் கொடுக்க வேண்டும். குற்ற எண், தேதி, பிரிவுகள் மூன்றையும் பாருங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் பலாத்காரம் என்றால் 64, கூட்டாகச் செய்திருந்தால் 70, மானபங்கத்துக்கு 74, பாலியல் தொல்லைக்கு 75, பின்தொடர்ந்து தொந்தரவு செய்தால் 78. பெண்ணுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கும் போக்சோ சட்டம் கண்டிப்பாக இருக்க வேண்டும். "அந்தப் பொண்ணும் சம்மதிச்சுத்தான்" என்ற பேச்சு அங்கே எடுபடாது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ, செய்தவர் அந்த இரண்டிலும் சேராதவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவும் சேர்க்கச் சொல்லுங்கள். சாதியைப் புகாரிலேயே எழுதினால்தான் அது நடக்கும்.

பதிய மறுத்தால் சண்டை போடாதீர்கள். அதே புகாரை அன்றே விரைவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பி ரசீதை வையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். பலாத்காரம், மானபங்கம் போன்ற புகாரைப் பதியாத அதிகாரிக்கு பாரதிய நியாய சன்ஹிதா 199ஆம் பிரிவில் 6 மாதத்துக்குக் குறையாத சிறை. அந்தப் பிரிவைச் சொன்னதும் ரைட்டர் பேனாவை எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வக்கீலுக்குக் காசில்லை என்று யாரும் நிற்க வேண்டாம். பெண் என்றாலே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவிக்கு உரிமை உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், 15100இல் கூப்பிடலாம். இழப்பீட்டு மனுவும் அவர்கள் வழியாகத்தான். தீர்ப்பு வரை காத்திருக்காமல் இடைக்கால உதவியும் கேட்கலாம்.

ஊர்க்கூட்டம் என்ன சொல்லும்

ஊர்த் தலைவர்களை நான் மதிக்கிறேன். வலைத் தகராறு, பங்குத் தகராறு, பாடு பிரிப்பது எல்லாம் அவர்கள் தீர்த்துத்தான் நம் ஊர்கள் ஓடுகின்றன. ஆனால் பாலியல் வன்கொடுமையைப் பேசித் தீர்க்க அவர்களுக்கு உரிமை கிடையாது. அது சமரசம் செய்யக்கூடிய குற்றமே இல்லை. கோயில் கணக்கில் ஐம்பதாயிரம் கட்ட வைத்தாலும், காலில் விழ வைத்தாலும், அவனுக்கே அவளைக் கல்யாணம் செய்து வைத்தாலும் சட்டத்தின் கணக்கில் எதுவும் முடியவில்லை. குழந்தை விஷயத்தில் இன்னும் மேலே: போக்சோவில் தகவல் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாதவர்களே குற்றவாளிகள். ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்த ஒவ்வொருவரும் அதில் வருவார்கள். தலைவரிடம் இதை மரியாதையாக, தனியாகச் சொல்லுங்கள். "நீங்க தீர்ப்புச் சொன்னா நாளைக்கு உங்க மேலயும் கேஸ் வருமே அண்ணே" என்றால் பலர் ஒதுங்கிக்கொள்வார்கள். கூட்டத்தில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஊரை விட்டு ஒதுக்குவோம், கடலுக்குப் போக விடமாட்டோம் என்று மிரட்டினால் தேதி போட்டு எழுதி அதையும் தனிப் புகாராகக் கொடுங்கள்.

படகு நம்பரை வாட்ஸ்அப் குழுவில் போடுவது போலப் பெண்ணின் பெயரைப் போடாதீர்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவில் 2 வருடம் வரை சிறை. பெயர் மட்டும் இல்லை, "இன்னார் மகள்", தெரு, வீட்டுப் படம் எல்லாமே அடையாளம்தான். நல்லெண்ணத்தில் நீதி கேட்டுப் போஸ்டர் ஒட்டுகிறவர்களும் இதைக் கவனியுங்கள்.

இரண்டு குற்றமும் ஒரே ஆளிடமிருந்து வருவதும் உண்டு. திருட்டு மடி மீனை இறக்குவதைப் பார்த்த பெண்ணிடம் "வெளியே சொன்னா உன்னை என்ன செய்வேன் தெரியுமா" என்று அசிங்கமாக மிரட்டுவது, முன்பணம் கொடுத்த மீன் கம்பெனிக்காரர் கடனைக் காட்டிக் கூப்பிடுவது. இரண்டையும் ஒரே மனுவில் எழுதிவிடாதீர்கள். மீன்வளத் துறைக் காகிதம் பல மேசைக்குப் போகும், அதில் பெண்ணின் விஷயம் ஒரு வரிகூட இருக்கக் கூடாது. ஏலக்கூடம், ஐஸ் பிளாண்ட், இறால் பண்ணை போன்ற வேலையிடத் தொல்லைக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில் வேலை செய்தாலும், முதலாளி மீதே புகார் என்றாலும் அங்கே போகலாம். 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிப்பார்கள். அங்கே போவதால் போலீஸ் புகாருக்குத் தடை எதுவும் இல்லை.

எஃப்.ஐ.ஆர். போட்டதோடு வேலை முடியாது. மாஜிஸ்திரேட் முன்னால் பெண்ணின் வாக்குமூலம் பதிவாகும், போலீசிடம் சொன்னதையே பதற்றமில்லாமல் சொன்னால் போதும். பாலியல் வன்கொடுமை, போக்சோ வழக்குகளில் 2 மாதத்தில் விசாரணையை முடிக்க வேண்டும். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காவிட்டால் எழுத்தில் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரிச் சீட்டு, தபால் ரசீது மூன்றையும் பிரதி எடுத்து, வீட்டில் ஒன்று, நம்பிக்கையான வேறொரு வீட்டில் ஒன்று என்று வையுங்கள்.

எதிராளி ஜாமீன் கேட்கும்போது உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும் என்று நீதிமன்றத்தில் சொல்ல உரிமை இருக்கிறது. ஜாமீன் மனு பற்றி நிலையத்திலிருந்து தகவல் வந்தால் மறுநாளைக்குத் தள்ளாதீர்கள். மிரட்டல் ஏதாவது வந்திருந்தால் தேதியோடு குறித்து வைத்த தாளையும் எடுத்துக்கொண்டு அன்றே சட்ட உதவி வக்கீலைப் போய்ப் பாருங்கள்.